ஆதாரமுள்ள கவுன்சிலிங்கை நம் அமைப்புக்குள் கொண்டுவருவது எப்படி? பெங்களூரு களத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்ரீராம்புரம், நீலசந்திரா, அல்சூர், சிவாஜிநகர், லிங்கராஜபுரம் என்று பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் சிறு சிறு சமூக நல அமைப்புகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று காசநோய் மருந்தை விடாமல் சாப்பிட வைக்கிறது. இன்னொன்று கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொள்கிறது. வேறொன்று வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் துணை நிற்கிறது. எல்லோருடைய ஆண்டறிக்கையிலும் "கவுன்சிலிங் வழங்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த நேரத்தில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டால், "உட்கார வைத்துப் பேசினோம், தைரியம் சொன்னோம்" என்பார்கள்.

நல்ல மனசோடுதான் தைரியம் சொல்கிறார்கள். ஆனால் மாதக்கணக்காகத் தூக்கமில்லாமல், சோற்றில் கை வைக்கப் பிடிக்காமல் இருக்கிற ஒரு பெண்ணிடம் "எல்லாம் சரியாயிடும், பிள்ளைங்க முகத்தைப் பார்த்து பொறுத்துப் போம்மா" என்றால், பொறுக்க முடியாததும் தன் குற்றம்தான் என்ற எண்ணத்தோடு அவர் எழுந்து போகிறார். அதே பெண்ணுக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களே தரக்கூடிய, ஆய்வில் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அதிலும் முக்கியமான இரண்டு, நம் நாட்டில், கோவாவில் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று சொன்னது. இந்த இடைவெளியை டாக்டர்களை மட்டும் வைத்து அடைக்க முடியாது. நம்மைப் போன்ற அமைப்புகள் இந்த வேலைக்குள் வந்தாக வேண்டும். வந்தால் சரியாக வர வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காக.

பல அமைப்புகள் நல்ல முறையைத் தேர்ந்தெடுக்கின்றன, பயிற்சியும் கொடுக்கின்றன, பிறகு அத்தோடு விட்டுவிடுகின்றன. கவுன்சிலிங் அறைக்குள் உண்மையில் என்ன பேசப்படுகிறது என்று வாராவாரம் கேட்பதற்கு யாரும் இல்லை. உங்களிடம் இருக்கிற பணமும் நேரமும் குறைவு என்றால், அதில் பெரும்பங்கை அந்த வாராந்திரக் கேட்டலுக்கு ஒதுக்குங்கள். மற்ற படிகளெல்லாம் அதைத் தாங்குவதற்கு.

படி 1: உங்கள் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

முறையைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று வாசியுங்கள். "மன அழுத்தம்" என்று யாரும் வந்திருக்க மாட்டார்கள். தலை கனம், நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் அசதி, கை கால் எரிச்சல், "எதுலயும் மனசு நிக்கல" என்றுதான் இருக்கும். ஆண்கள் நேராக வருவது அபூர்வம். குடியைப் பற்றி மனைவியோ அம்மாவோ வந்து சொல்லியிருப்பார்கள்.

அடுத்து, கேள்வித்தாளை வைத்து அளக்கத் தொடங்குங்கள். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட். முதல் இரண்டுமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பவை. பி.எச்.க்யூவில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, பதினைந்திலிருந்து சற்றுத் தீவிரம், இருபதிலிருந்து தீவிரம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். காசு கட்டாமல், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். தமிழ் வடிவமும் இருக்கிறது. நீங்களாக மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். இருக்கும் வடிவத்தையே எடுத்து, வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள்.

பாரத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எதையாவது டிக் அடித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "சில நாள்", "பாதிக்கு மேல்பட்ட நாள்", "அநேகமாகத் தினமும்" என்ற பதில்களை ஒவ்வொரு கேள்விக்கும் திருப்பிச் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. புதிதாக வந்த கவுன்சிலர்கள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள், அல்லது "அந்த மாதிரியெல்லாம் நினைக்கலதானே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. இதை உங்கள் ஊழியர்கள் வாயால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும்.

படி 2: ஒரே ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஆசை பெரிதாக இருக்கும். மனச்சோர்வுக்கு ஒன்று, குடிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உங்கள் பதிவேட்டில் எது அதிகமோ அதற்கு ஒன்று.

மனச்சோர்வு அதிகமென்றால் நான் முதலில் பரிந்துரைப்பது கோவாவில் சங்காத் அமைப்பு உருவாக்கிய ஹெல்தி ஆக்டிவிட்டி ப்ரோகிராம். அடிப்படை எளிமையானது. மனசு சோர்ந்தவர் வெளியே போவதை, பேசுவதை, பிடித்ததைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறார். குறைக்கக் குறைக்கச் சோர்வு கூடுகிறது. மனசு தெளியட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயலைத் திட்டமிட்டுச் செய்ய வைத்து அந்தச் சுழற்சியை உடைக்கிறது இந்த முறை. 30 முதல் 40 நிமிடம் கொண்ட 6 முதல் 8 சந்திப்புகள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.எச்.க்யூ மதிப்பெண் 14க்கு மேல் இருந்தவர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் அச்சானது. மூன்று மாதத்தில், இந்தக் கவுன்சிலிங்கும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். டாக்டரின் வழக்கமான கவனிப்பை, அளவீட்டு முடிவைச் சொல்லிக் கொஞ்சம் மேம்படுத்தி, அதை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். கவுன்சிலிங் கொடுத்தவர்கள் மனநலத்தில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்கள்.

குடி அதிகமென்றால் அதே குழுவின் கவுன்சிலிங் ஃபார் ஆல்கஹால் ப்ராப்ளம்ஸ். அதிகபட்சம் நான்கு சந்திப்புகள். ஆடிட்டில் 12 முதல் 19 வரை மதிப்பெண் பெற்ற ஆண்களிடம் சோதித்தார்கள். தேறியவர்கள் 36 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 26. மனச்சோர்வு முறையின் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை அமைப்பின் பொறுப்பாளர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் ஊழியர்களைக் குறை சொல்லத் தொடங்குவார்கள்.

எல்லாம் கலந்து வருகிறது, எதையும் தனியாகப் பிரிக்க முடியவில்லை என்றால், உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் ப்ளஸ் இருக்கிறது. வாரம் ஒன்றாக ஐந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் உட்காருவது கடினம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வருகிற சோர்வுக்கு, பாகிஸ்தானின் கிராமப்புற சுகாதார ஊழியர்கள் வழியாகச் சோதிக்கப்பட்ட திங்கிங் ஹெல்தி முறை இருக்கிறது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்களை மருத்துவமனை வளாகத்து பெஞ்சில் உட்கார வைத்துப் பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை தருகிற ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச், 2016இல் தன் சோதனை முடிவை வெளியிட்டது. வயதான பெண்களுக்கு மரியாதை இருக்கிற நம் தெருக்களுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாராவது உங்களிடம் வேறொரு முறையைக் கொண்டுவந்து விற்றால் இதைக் கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? சிகிச்சை கொடுத்தது டாக்டரேட் வாங்கியவரா, நம் அக்காக்களைப் போன்றவர்களா? சிகிச்சை முடிந்து எத்தனை மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள்? கையேடு கிடைக்குமா? இதற்குப் பதில் இல்லாமல் ஸ்லைடும் சான்றிதழும் மட்டும் இருந்தால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். விபத்தோ தீயோ நடந்த பிறகு எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் சொல்கிற பழக்கமும் இன்னும் இருக்கிறது. அதனால் பலனில்லை, சிலருக்குக் கெடுதலும் நேரலாம் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்றே சொல்கிறது.

படி 3: நேரம், இடம், பணம்

ஒரு கவுன்சிலர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம்? சந்திப்பு 40 நிமிடம், குறிப்பெழுத 15 நிமிடம், வராதவர்களைத் தேடிப் போகிற நேரம் என்று போட்டால் மூன்று அல்லது நான்கு. வாரத்தில் அரை நாள் மேற்பார்வைக்குப் போய்விடும். இந்தக் கணக்கை நிதி தருபவர்களுக்கு முன்கூட்டியே காட்டுங்கள். "இந்த மாதம் எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்கிற நிதி, நல்ல கவுன்சிலிங்கைக் கொன்றுவிடும். நூறு பேரை ஒருமுறை பார்த்துக் கணக்கு எழுதுவது சுலபம். பத்துப் பேரைக் கடைசிச் சந்திப்பு வரைக்கும் கொண்டுபோவது கஷ்டம், ஆய்வில் பலன் தந்தது அந்த இரண்டாவதுதான். ஒப்பந்தம் எழுதும்போதே "எத்தனை பேர் முழுச் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேரின் மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியது" என்பதை இலக்காக எழுதச் சொல்லிப் போராடுங்கள்.

இடம் இன்னொரு தலைவலி. ஒற்றை அறை வீட்டில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து ஒரு பெண் மனசைத் திறக்க மாட்டார். அங்கன்வாடி மூடிய பிறகு அந்த அறை, நம்ம கிளினிக்கில் ஒரு மூலை, சர்ச் ஹாலின் பின்பக்க அறை என்று விசாரித்தால் கிடைக்கும். கதவில்லாவிட்டாலும் சத்தம் வெளியே போகாத தூரம் வேண்டும்.

இதோடு, தேவைப்படும்போது ஃபோன் எடுக்கக்கூடிய ஒரு மனநல மருத்துவரை எழுத்துமூலமாக ஒப்புக்கொள்ள வையுங்கள். நகரத்திலேயே நிம்ஹான்ஸ் இருப்பது பெங்களூருகாரர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் ஓசூர் ரோடு வரை தனியாகப் போய், பெரிய வளாகத்தில் சீட்டு எடுத்து, கன்னடத்திலோ இங்கிலீஷிலோ தன் கதையைச் சொல்வதற்குப் பயந்து பாதி வழியில் திரும்பியவர்கள் உண்டு. முதல் தடவை கூடப் போக ஒரு ஆளையும் பஸ் காசையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

படி 4: ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவது

கோவாவில் ஆள் எடுத்தபோது பட்டத்தைப் பார்க்கவில்லை. நடித்துக் காட்டச் சொல்லி, எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஐந்து நிமிடம் உங்களில் ஒருவர் அழுகிற பெண்ணாக நடிக்கட்டும். வேலைக்கு வந்தவர் எத்தனை தடவை குறுக்கே பேசுகிறார், எத்தனை அறிவுரை சொல்கிறார் என்று எண்ணுங்கள். குறைவாகப் பேசுகிறவரை எடுங்கள். தமிழோடு கன்னடமும், முடிந்தால் தக்னி உருதும் தெரிந்திருந்தால் நல்லது. ஒரே தெருவில் மூன்று மொழியும் இருக்கும்.

சொந்தத் தெருவுக்கு ஒருவரைக் கவுன்சிலராகப் போடாதீர்கள். பக்கத்து ஏரியாவுக்குப் போடுங்கள். நம்பிக்கைக்குத் தெரிந்த முகம் உதவும் என்று சொல்வார்கள், ஆனால் தண்ணி லாரி வரிசையில் நிற்கும்போது யாரிடம் என்ன சொன்னோம் என்ற பயம் அதைவிடப் பெரியது.

வகுப்பறைப் பயிற்சி இரண்டு மூன்று வாரம் போதும். பிறகு மாதக்கணக்கில் மேற்பார்வையோடு உண்மையான ஆட்களைப் பார்த்துப் பழக வேண்டும். இரண்டு நாள் வொர்க்‌ஷாப், க்ரூப் போட்டோ, சான்றிதழ் என்று முடித்துவிடுகிற பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

படி 5: அறைக்குள் நடப்பது

கையேட்டைப் படித்தால் மட்டும் இது விளங்காது என்பதால் ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி பலருடைய விவரங்களைச் சேர்த்து எழுதியது.

வீட்டிலிருந்தபடி ஊதுபத்தி உருட்டுகிற ஒரு அம்மா. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பி.எச்.க்யூ 17. முன்னெல்லாம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் நான்கு பேரோடு உட்கார்ந்து உருட்டுவார். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே. பலகை முன்னால் உட்கார்ந்தால் மாவு காய்ந்துபோகும்வரை கை ஓடுவதில்லை.

"மனசு கொஞ்சம் நல்லாயிருந்துச்சுன்னு சொல்ற மாதிரி இந்த வாரத்துல ஏதாவது நேரம் இருந்துச்சாம்மா?" என்று கவுன்சிலர் கேட்கிறார்.

"எங்க மேடம். ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "செவ்வாக்கெழம என் தங்கச்சி வந்தா. அவகூட டீ குடிச்சேன்."

"அன்னிக்கு வேலை எப்படி ஓடிச்சு?"

"அன்னிக்கு உருட்னேன். தட்டு நெறஞ்சிச்சு."

கவுன்சிலர் அதை வாரத்தாளில் அவர் கண்ணெதிரிலேயே எழுதுகிறார். செவ்வாய், தங்கச்சி, டீ, பத்தி. மற்ற நாட்களின் கட்டங்கள் காலி. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இதைப் பார்த்தா உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். பதிலை அந்த அம்மாவே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வாரத்துக்கான வேலையும் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்: வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பலகையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணை, அரை மணி நேரம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரோடு, தடை வந்தால் என்ன செய்வது என்பது வரைக்கும் பேசி முடித்த பிறகுதான் சந்திப்பு முடிகிறது. "வாக்கிங் போங்க, பாட்டு கேளுங்க" என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் ஆதாரமுள்ள முறைக்கும் ஆறுதலுக்கும் உள்ள தூரம்.

படி 6: வாராந்திரக் கேட்டல்

மில்லர், ரோல்னிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வளர்த்த, மாறுவதற்கான விருப்பத்தை வந்தவர் வாயாலேயே சொல்ல வைக்கிற ஊக்கமூட்டும் நேர்காணல் முறையைக் கற்றுக்கொண்ட சிகிச்சையாளர்களை வைத்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. பயிற்சிக்குப் பிறகு பின்னூட்டமும் வழிகாட்டுதலும் பெற்றவர்களின் திறமை, வொர்க்‌ஷாப் மட்டும் முடித்தவர்களைவிடக் கூடியது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. நான் இதை நன்றாகச் செய்கிறேன் என்று ஒருவர் சொல்வதற்கும், சந்திப்பின் ஒலிப்பதிவைக் கேட்டால் தெரிகிற அவருடைய திறமைக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் "நல்லா போகுதா?" என்று கவுன்சிலரிடம் கேட்டு, "நல்லா போகுது மேடம்" என்று குறித்துக்கொள்வது மேற்பார்வை ஆகாது. பதிவைக் கேட்டாக வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஐந்தாறு கவுன்சிலர்கள் வட்டமாக உட்காருகிறார்கள். வந்தவரின் ஒப்புதலோடு பதிவுசெய்த ஒரு சந்திப்பை ஒருவர் கொண்டுவருகிறார். ஒப்புதல் கேட்கும்போது, மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் பேசாமல் கேட்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பக்கத் தாள்: வந்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாரா, சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரா, போன வார வேலையைப் பற்றிக் கேட்டாரா, புதிய வேலையைக் கூடிப் பேசி முடிவு செய்தாரா, ரகசியம் காப்பதைச் சொன்னாரா. ஒருவரையொருவர் பார்க்காமல் மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச்சு.

அப்படி ஒரு அமர்வில் கேட்கிற பதிவு இப்படி இருக்கும். வந்தவர், "போன வாரம் திண்ணைக்குப் போகல மேடம்" என்கிறார். கவுன்சிலர் உடனே, "பரவாயில்ல, இந்த வாரம் கண்டிப்பா போங்க, சரியா?" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். பதிவில் ஒரு பெருமூச்சு கேட்கும், அவ்வளவுதான். குழுவில் யாராவது அதைப் பிடிக்க வேண்டும்: ஏன் போகவில்லை என்று கேட்கவே இல்லையே? கேட்டிருந்தால் ஒருவேளை புருஷன் திட்டினார் என்று வந்திருக்கும், அல்லது போன மாதம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுக்காததால் அந்த வீட்டுப் பக்கம் போக வெட்கம் என்று வந்திருக்கும். செய்யாமல் போன வேலையில்தான் விஷயம் இருக்கிறது. குழு அங்கேயே பதிவை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் அந்த இடத்தை நடித்துப் பார்க்கிறார்கள். பதிவு கொண்டுவந்தவர் மூன்றாவது முறை சொல்லும்போது, "போகத் தோணலையா, இல்ல போக முடியாம ஏதாவது நடந்துச்சாம்மா?" என்று இயல்பாக வந்துவிடும்.

ஒவ்வொரு சிறு அமைப்புக்கும் நிபுணர் எங்கே கிடைப்பார் என்று கேட்கலாம். கோவா அனுபவத்தில் இதற்கும் பதில் இருக்கிறது. சாதாரணக் கவுன்சிலர்களே ஒருவர் பதிவை ஒருவர் கேட்டு மதிப்பிட்டார்கள். பழகப் பழக அவர்கள் போட்ட மதிப்பெண்ணும் நிபுணர்கள் போட்ட மதிப்பெண்ணும் நெருங்கி வந்தன. முதல் சில மாதம் ஒரு உளவியலாளர் கூட இருந்தால் போதும், பிறகு அவர் மாதம் ஒருமுறை வரலாம். வட்டத்தை வழிநடத்துகிற பொறுப்பைச் சுழற்சியில் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து நடத்துகிற ஈக்விப் தளத்தில் திறமை அளக்கும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. நீங்களே புதிதாகத் தாள் தயாரிக்க வேண்டியதில்லை.

இதில் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. பொறுப்பாளர் இந்த மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடு இணைத்துவிட்டால், மறுவாரத்திலிருந்து எல்லோரும் தங்களுடைய சிறந்த பதிவை மட்டும் கொண்டுவருவார்கள். "உங்களுக்குக் கஷ்டமாக இருந்த சந்திப்பைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்கிற துணிச்சல் அமைப்புக்கு இருக்க வேண்டும். கேட்டு முடித்த பதிவை அன்றைக்கே அழித்துவிடுங்கள். சொந்த ஃபோனில் பதிவுசெய்ய யாரையும் விடக் கூடாது.

படி 7: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

உதாரணங்களை மாற்றலாம், கதைகளை மாற்றலாம், படங்களை மாற்றலாம். விடியற்காலையில் தெருப் பெருக்கப் போகிற பவுரகார்மிகப் பெண்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் நேரம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை வீடுகளுக்கும் சாயங்கால வீடுகளுக்கும் நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி. ஆண்களுக்கு ஞாயிறு. பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த வாரங்களில் ஃபோனில் பேசலாம். கோயிலுக்குப் போவது, கோலம் போடுவது, ஜெபக் கூட்டத்துக்குப் போவது எல்லாம் செயல் திட்டத்தில் இடம்பெறலாம், அவருக்குப் பிடித்ததாக இருந்தால்.

சந்திப்புகளின் எண்ணிக்கையை நேரமில்லை என்று பாதியாக்குவது, அடுத்த சந்திப்புக்குள் செய்துவர வேண்டிய வேலையை விட்டுவிடுவது, அளவீட்டைத் தவிர்ப்பது, நடுவில் தனக்குப் பிடித்த அறிவுரையைப் புகுத்துவது ஆகியவற்றுக்கு இடமே இல்லை. முறையின் பலன் அந்த உறுப்புகளில்தான் இருக்கிறது.

படி 8: ஆபத்தும் சட்டமும்

ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பது சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, கைக்கெட்டும் தூரத்தில் மருந்தோ விஷமோ இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று அமைதியாகக் கேட்க வேண்டும். ஆபத்து அதிகமென்றால் தனியாக அனுப்பக் கூடாது. அவர் சம்மதத்தோடு நம்பிக்கையான ஒருவரை வரவழைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தினமும் நிறையக் குடிக்கிறவரை "இன்னியோட நிறுத்து" என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் சுயநினைவுத் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆடிட்டில் 20ஐத் தொட்டவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. காதில் குரல் கேட்கிறது என்பவர்கள், நாட்கணக்காகத் தூங்காமல் அளவுக்கு மீறிப் பேசுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள் ஆகியோரும் டாக்டருக்குத்தான்.

வீட்டில் அடி நடந்துகொண்டிருக்கும்போது கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாதானம் பேசாதீர்கள். அறையில் அவர் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். பெண்ணைத் தனியாகப் பார்த்து, பாதுகாப்புத் திட்டம் போட்டு, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழான பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும் 181 உதவி எண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை. ரகசியம் காப்போம் என்று முதல் நாள் சொல்லும்போதே இந்த விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டில் பெயர் வேண்டாம், எண் மட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறொரு பூட்டிய அலமாரியில். வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு பார்த்த கேஸ்" என்று எதையும் எழுதக் கூடாது.

படி 9: பலனை அளப்பது

ஒவ்வொரு சந்திப்பின் ஆரம்பத்திலும் பி.எச்.க்யூ. ஐந்து நிமிட வேலை. மதிப்பெண்களைக் கோடாக வரைந்து வந்தவருக்கே காட்டுங்கள். 17, 16, 12, 9 என்று இறங்குவதைத் தன் கண்ணால் பார்ப்பது அவருக்குப் பெரிய தெம்பு. நான்கு சந்திப்புக்குப் பிறகும் கோடு நகரவில்லை என்றால் மேற்பார்வை வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் நகராவிட்டால் டாக்டருக்கு. முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேருங்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லா அமைப்பும் வெற்றிதான்.

படி 10: நிலைநிறுத்துவது

பயிற்சி பெற்ற கவுன்சிலர்கள் இரண்டு மூவாயிரம் அதிகமாகக் கிடைத்தால் வேறு வேலைக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெங்களூரு வாடகை அப்படி. அதனால் எப்போதும் ஒரு ஆளை வரிசையில் வைத்திருங்கள். புதியவர் முதல் மாதம் வட்டத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், இரண்டாம் மாதம் கூட உட்கார்ந்து பார்க்கட்டும், மூன்றாம் மாதம் ஒருவரை மட்டும் எடுக்கட்டும். தினமும் அடுத்தவர் துயரத்தைக் கேட்கிறவர்களுக்கு விடுப்பும், தங்கள் மனசைப் பேச ஒரு இடமும் வேண்டும். தற்கொலையில் ஒருவரை இழந்த கவுன்சிலரை மறுநாளே களத்துக்கு அனுப்பாதீர்கள்.

ப்ராஜெக்ட் முடியப்போகிறது என்றால், ஆறு மாதத்துக்கு முன்பே புதிதாக ஆள் சேர்ப்பதைப் படிப்படியாகக் குறைத்து, நடுவில் இருப்பவர்களின் சந்திப்புகளை முடித்துக்கொடுங்கள். முடிக்க முடியாதவர்களின் பட்டியலோடு பக்கத்து அமைப்பையோ மருத்துவமனையையோ பாருங்கள். வந்தவரும் பழைய கவுன்சிலரும் புதிய கவுன்சிலரும் மூவருமாக ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஃபைலை மாற்ற வேண்டும்.